வட்டி கலவாத காப்பீடு: புதுச்சேரிக் கடைவீதியின் கணக்கு

தகாஃபுல் என்பது இஸ்லாமிய முறையில் அமைந்த காப்பீடு. பலர் சேர்ந்து ஒரு பொது நிதிக்குப் பணம் போடுகிறார்கள். அவர்களில் யாருக்கு இழப்பு நேர்கிறதோ அவருக்கு அந்த நிதியிலிருந்து ஈடு தரப்படுகிறது. நிதியை நடத்தும் நிறுவனம் அதற்கான கூலியை எடுத்துக்கொள்ளும். நிதி அதன் சொத்தாகாது. இதையே சிறு கடைக்காரர், தையற்காரர், மெக்கானிக், தள்ளுவண்டி வியாபாரி ஆகியோர் கட்டக்கூடிய சிறு தொகைக்கு ஏற்றபடி அமைத்தால் நுண்தகாஃபுல். மலேசியா, இந்தோனேசியா, பாகிஸ்தான், சூடான் போன்ற நாடுகளில் இது வெவ்வேறு அளவில் நடைமுறையில் உள்ளது. இலங்கையில் தகாஃபுல் நிறுவனம் கால் நூற்றாண்டாக இயங்குகிறது. இந்தியாவில் இதை விற்க உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றுகூட இல்லை.

ஆகவே புதுச்சேரி நகரத்துச் சிறு வணிகர் தகாஃபுல் வாங்க விரும்புகிறாரா என்ற கேள்விக்கு நேரான விடை கிடைக்காது. சந்தையில் இல்லாத பொருளை வாங்குவீர்களா என்று கேட்டால் ‘வாங்குவேன்’ என்று சொல்வதில் யாருக்கும் செலவில்லை. கேள்வியைப் பிரித்துப் பார்ப்பதே சரி. காப்பீடே எடுக்காத ஒருவரைத் தடுப்பது மார்க்கமா, பணமா, நம்பிக்கையா? தடுப்பது மார்க்கம்தான் என்றால், அதை நீக்கிய பிறகு மற்ற இரண்டும் தாமாக விலகிவிடுமா?

புதுச்சேரியில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பிரதேசத்தில் முஸ்லிம்கள் சுமார் 6 சதவீதம். ஒன்றியப் பிரதேசத்தின் இன்னொரு பகுதியான காரைக்காலில் அவர்கள் கூடுதலாக வாழ்கிறார்கள். நகருக்குள் முல்லா வீதியும் காஜியார் வீதியும் பிரெஞ்சு ஆட்சிக்காலம் முதல் முஸ்லிம்கள் வாழும் தெருக்கள். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வரும் முன்பே இங்கிருந்து வியட்நாமின் சைகோனுக்குப் போய்க் கடை வைத்தவர்கள் உண்டு. இன்று துணிக்கடை, செருப்புக்கடை, பிரியாணிக்கடை, இறைச்சிக்கடை, செல்போன் பழுதுபார்ப்பு, இரும்பு வியாபாரம் எனப் பல தொழில்களில் பரவியிருக்கிறார்கள். இந்தக் கடைகளில் பெரும்பாலானவை சிறியவை. முதலும் உழைப்பும் ஒரே குடும்பத்தினுடையவை. கடைக்காரர் நோயில் விழுந்தால் கடையும் மூடப்படும். கடை எரிந்தால் வீட்டின் அடுப்பும் அணையும். தொழிலுக்கு ஒரு காப்பீடு, குடும்பத்துக்கு இன்னொன்று என்று பிரித்து எழுதிய பாலிசிகள் இந்த வாழ்க்கைக்கு முதலிலேயே பொருந்துவதில்லை.

இந்தக் கரையில் மழையும் புயலும் அடிக்கடி வரும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் ஆகிய மூன்றும் இருபதே ஆண்டுகளில் வந்தவை. ஃபெஞ்சல் கரை கடந்த பின்னும் நகராமல் நின்றதுதான் வினை. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான நகர்களில் வீட்டுக்குள் நீர் புகுந்தது, வாகனங்கள் மூழ்கின, கடைகளில் தரைமட்டத்தில் அடுக்கியிருந்த சரக்கு நனைந்தது. முதலமைச்சர் ரங்கசாமி ஒவ்வொரு ரேஷன் அட்டைக்கும் ரூ.5,000 நிவாரணம் அறிவித்தார். குடும்பத்துக்கு அது உதவிதான். நனைந்து போன சரக்குக்கு அது விலையாகாது. ரேஷன் அட்டை குடும்பத்தைக் கணக்கெடுக்கிறது. கடையை எந்த அட்டையும் கணக்கெடுப்பதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது

வழக்கமான காப்பீட்டின் மீது இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வைக்கும் ஆட்சேபங்கள் மூன்று. பிரீமியம் கட்டுபவருக்கு எப்போது, எவ்வளவு கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாத நிலையில் ஒரு விற்பனை நடக்கிறது. இந்த நிச்சயமின்மை ஒன்று. கட்டியது ஆயிரம், வருவது லட்சம் அல்லது பூஜ்யம் என்பதால் சூதாட்டச் சாயல் இரண்டாவது. நிறுவனம் பணத்தை வட்டிப் பத்திரங்களில் போட்டு வருமானம் பார்ப்பது மூன்றாவது. கடைசி ஆட்சேபம்தான் சாமானிய வியாபாரிக்கு உடனே விளங்குவது. முதல் இரண்டும் மதரஸாவில் படித்தவர்களின் விவாதமாகவே பெரும்பாலும் இருந்துவிடுகின்றன.

இந்த விவாதம் துறைமுகத்தில் பிறந்தது என்பது புதுச்சேரிக்காரருக்குச் சுவையாக இருக்கும். டமாஸ்கஸைச் சேர்ந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836), ஐரோப்பியர் கப்பலில் சரக்கு அனுப்பும் முஸ்லிம் வணிகர்கள் வாடகையோடு கூடுதல் தொகை கட்டிக் கடற்காப்பீடு வாங்குவதை எடுத்துக்கொண்டு தீர்ப்பு எழுதினார். ஐரோப்பியக் காப்பாளரின் முகவர் முஸ்லிம் துறைமுகத்திலேயே உட்கார்ந்து பணம் வசூலித்தார். சரக்கு மூழ்கினால் ஈடு கொடுத்தார். முஸ்லிம் நாட்டுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அந்த ஈட்டை வாங்குவது கூடாது என்றார் இப்னு ஆபிதீன். ஒப்பந்தம் வெளிநாட்டில் நடந்து பணம் அங்கேயே மனமுவந்து தரப்பட்டால் நிலைமை வேறு என்றும் சொன்னார். ஏறத்தாழ அதே காலத்தில், 1816-இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த புதுச்சேரியிலும் கப்பல், சரக்கு, ஆபத்து எல்லாம் அன்றாடப் பேச்சுதான்.

இருபதாம் நூற்றாண்டில் வாதம் தெளிவடைந்தது. மலேசியாவில் 1972-இலேயே தேசிய ஃபத்வா குழு ஆயுள் காப்பீட்டை ஏற்கத்தக்கதல்ல என்றது. 1979-இல் சூடானில் முதல் இஸ்லாமியக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. மலேசியா 1984-இல் தகாஃபுலுக்கென்றே சட்டம் இயற்றியது. 1985 டிசம்பரில் ஜெத்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, லாபநோக்குள்ள வணிகக் காப்பீட்டை ஏற்காமல், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாக முன்வைத்தது. பணத்தை விலையாகப் பார்க்காமல் நன்கொடையாகப் பார்த்தால் நிச்சயமின்மை குற்றமாகாது என்பது இதன் அடிப்படை. விற்பனையில்தான் பொருளும் விலையும் துல்லியமாக இருக்க வேண்டும். கொடையில் அந்தக் கட்டாயமில்லை.

இந்திய அறிஞர்கள் இன்னொரு காரணத்தையும் கணக்கில் எடுத்தார்கள். வகுப்புக் கலவரங்களில் கடைகளும் வீடுகளும் எரிக்கப்படும் நாட்டில் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தேடுவது நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில், டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990களின் தொடக்கத்தில் காப்பீட்டுக்கு அனுமதி தந்தது. எல்லா ஆலிம்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. வண்டிக்குச் சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் காப்பீட்டை மறுப்பவர் அநேகமாக யாருமில்லை. சரக்குக்கும் கடைக்கும் எடுப்பதைப் பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். சேமிப்போடு சேர்ந்த ஆயுள் பாலிசியில்தான் எதிர்ப்பு வலுவாக இருக்கிறது. ஒரே ஊரில் ஒரு பள்ளிவாசல் இமாம் ஒன்று சொல்ல, அடுத்த தெரு இமாம் வேறொன்று சொல்வது சகஜம். இதனால் கடைக்காரர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் ‘ஹராம்’ என்ற உறுதியிலிருந்து வருவதில்லை. ‘எதற்கு வம்பு’ என்ற தயக்கத்திலிருந்து வருகிறது. தகாஃபுல் தேவையா என்று கேட்பவர்கள் இந்தத் தயக்கத்தைத்தான் அளக்கிறார்கள்.

நிதி எப்படிச் சுழலும்

கற்பனைக் கணக்கு ஒன்று இதை விளக்கும். புதுச்சேரிக் கடைவீதிகளில் 400 சிறு கடைக்காரர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு ரூ.1,200 போடுகிறார்கள் என்று கொள்ளலாம். மொத்தம் ரூ.4,80,000. நிர்வாகக் கூலி 20 சதவீதம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் ரூ.96,000 நடத்துநருக்குப் போகும். மீதி ரூ.3,84,000 கடைக்காரர்களின் பொது நிதி. அந்த ஆண்டில் இரண்டு கடைகளில் மின்கசிவால் தீப்பிடித்து ஆளுக்கு ஒன்றரை லட்சம் இழப்பு என்றால் நிதியிலிருந்து ரூ.3,00,000 வழங்கப்படும். மிஞ்சும் ரூ.84,000 உறுப்பினர்களுக்கே உரியது. அதைப் பகிர்ந்து தரலாம், அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அறத்துக்கும் கொடுக்கலாம். எதைச் செய்வது என்பது ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். நிதி போதாமல் போனால் நடத்துநர் வட்டியில்லாக் கடன் கொடுத்து ஈட்டைத் தீர்த்துவிட்டு, பின்வரும் ஆண்டுகளின் மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்வார். முழுவதையும் ஷரீஆ அறிஞர் குழு ஒன்று மேற்பார்க்கும்.

நடத்துநருக்குக் கூலி மட்டும் தருவது ஒரு முறை. முதலீட்டு லாபத்தில் பங்கு தருவது இன்னொரு முறை. பாகிஸ்தானிலும் தென்னாப்பிரிக்காவிலும் பொது நிதியை வக்ஃபாக, அதாவது அறக்கொடைச் சொத்தாக, நிறுவும் முறையும் உண்டு. பெயர்கள் எதுவானாலும் கடைக்காரர் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள்: கூலி எத்தனை சதவீதம், மிச்சம் யாருக்கு.

மேலே உள்ள கணக்கை ஃபெஞ்சல் போன்ற ஆண்டுக்கு மாற்றிப் பார்த்தால் அதன் பலவீனம் தெரியும். 150 கடைகளில் ஆளுக்கு ரூ.40,000 சரக்கு நனைந்தால் இழப்பு ரூ.60 லட்சம். நிதியில் இருப்பது நான்கு லட்சத்துக்கும் குறைவு. தீ, திருட்டு, விபத்து ஆகியவை ஒருவருக்கு நேரும்போது மற்றவர் தப்பிக்கிறார். புயல் எல்லோரையும் ஒரே இரவில் பிடிக்கிறது. ஓர் ஊருக்குள் மட்டும் திரட்டிய நிதியால் அந்த ஊரின் புயலைத் தாங்க முடியாது. தொலைவில் உள்ள வேறு ஊர்களின் பணமும், அவற்றுக்கும் மேலே, நிதியே தனக்கு எடுத்துக்கொள்ளும் காப்பீடான மறுகாப்பீடும் வேண்டும். தகாஃபுல் உலகில் இதற்கு மறுதகாஃபுல் என்ற ஏற்பாடு உண்டு. வட்டியில்லாக் காப்பீடு பற்றி நடக்கும் பேச்சில் பெரும்பங்கு ஹலாலா ஹராமா என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. கரையோர ஊருக்கு இதைவிட அவசரமான கேள்வி, மறுகாப்பீடு யாரிடமிருந்து என்பதுதான்.

விருப்பம் எதைப் பொறுத்தது

நுண்தகாஃபுல் வாங்கும் எண்ணம் பற்றிப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் பல, உளவியலாளர் ஐசக் ஐசன் 1991-இல் விரித்து எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டைச் சட்டகமாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு காரியத்தைப் பற்றி ஒருவருக்கு உள்ள அபிப்பிராயம், சுற்றியிருப்போர் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு, அது தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் எண்ணத்தை உருவாக்குகின்றன என்பது அந்தக் கோட்பாடு. இதோடு மார்க்கப் பற்று, விழிப்புணர்வு, விலை ஆகியவற்றைச் சேர்த்து வினாத்தாள் தயாரிக்கப்படுகிறது. இவை அளப்பது எண்ணத்தை. எண்ணத்துக்கும் பணத்தை எடுத்து நீட்டுவதற்கும் நடுவே இருக்கும் தூரத்தை வினாத்தாள் அளப்பதில்லை.

அந்தத் தூரத்தை அளந்த இந்திய ஆய்வு ஒன்று உண்டு. ஷான் கோல், சேவியர் ஜினே உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆந்திரத்திலும் குஜராத்திலும் மழைக் காப்பீட்டை உண்மையாகவே கிராமங்களில் விற்றுப் பார்த்து, முடிவுகளை 2013-இல் வெளியிட்டார்கள். விலை குறைந்தால் வாங்குவோர் கூடினார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஊராருக்கு ஏற்கெனவே பழக்கமான நிறுவனத்தின் ஆள் விற்பவரை அறிமுகப்படுத்தியபோது விற்பனை கணிசமாக உயர்ந்தது. எல்லாவற்றையும் விட, அந்த நேரத்தில் கையில் ரொக்கம் இருந்தவர்கள் மிக அதிகமாக வாங்கினார்கள். ஆக, காப்பீட்டின் அருமை புரியாததுதான் பிரச்சினை என்ற வாதம் பாதி உண்மை. விற்பவர் வந்த நாளில் பெட்டியில் காசில்லை என்பதும் காரணம்.

இதைப் புதுச்சேரிக்குப் பொருத்தலாம். பெரிய மார்க்கெட்டிலும் காந்தி வீதி ஞாயிறு சந்தையிலும் வியாபாரிகளின் பணம் நாள்கணக்கில் புழங்குகிறது. காலையில் தண்டல்காரரிடம் வாங்கி, சரக்கெடுத்து, மாலையில் கட்டுபவர்கள் உண்டு. சீட்டு கட்டுகிறவர்கள் வாரம் அல்லது மாதம் தவறாமல் கட்டுகிறார்கள். வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளும் ஆள் இருப்பதும், கட்டிய பணம் என்றாவது ஒருநாள் மொத்தமாகத் திரும்பும் என்பது தெரிந்திருப்பதும் சீட்டின் பலம். காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவோ, பிரீமியம் கைக்கு வராமல் ஆபத்தை ஏற்கக் கூடாது என்கிறது. ஆண்டுத் தொகையை ஒரே மூச்சில் கட்ட வேண்டியிருப்பது சிறு கடைக்காரருக்கு உறுத்தல். போதாக்குறைக்குக் கடைக்கான பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரி நீக்கப்பட்டது. கடைச்சரக்குக்கு எடுக்கும் தீக்காப்பீட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

நம்பிக்கை என்று சொல்லும்போது கடைக்காரர் மனத்தில் இருப்பது கிளெய்ம்தான். சர்வேயர் வருவார், பில் கேட்பார், இருப்புப் பதிவேடு கேட்பார். சரக்கு வாங்கிய ரசீது பாதிக்கு மேல் துண்டுச் சீட்டாக இருக்கும் கடையில் இழப்பை நிரூபிப்பது பெரும்பாடு. நடைபாதைக் கடைக்கு இன்னும் மோசம். பாலிசி கெட்டியான கட்டடத்தை எதிர்பார்க்கிறது, நடைபாதைக்காரரிடம் தார்ப்பாய்தான் இருக்கிறது. மார்க்க முத்திரை உள்ள நிறுவனமும் இதே சர்வேயரை, இதே படிவத்தோடு அனுப்பினால் முதல் கிளெய்மோடு விருப்பம் தீர்ந்துவிடும். மார்க்கம் ஆளை அழைத்துவரலாம். அவர் அடுத்த ஆண்டும் புதுப்பிப்பாரா என்பதை, பக்கத்துக் கடைக்காரருக்கு எத்தனை நாளில் பணம் வந்தது என்பது தீர்மானிக்கும்.

வட்டியைத் தவிர்க்கும் வணிகருக்கு மட்டும் நேரும் இழப்பு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவில் சிறு தொழிலுக்குக் காப்பீடு பெரும்பாலும் வங்கிக் கடனின் வாலைப் பிடித்துத்தான் வருகிறது. சரக்கை ஈடுகாட்டிக் கடன் வாங்கினால் வங்கியே தீக்காப்பீட்டைக் கட்டாயமாக்கும். பிரீமியத்தைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கடன் வாங்காதவரிடம் இதைப் பற்றிச் சொல்லவே ஆள் வருவதில்லை. 2006-இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்களில் சுயதொழில் செய்வோர் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்றும், வங்கிக் கடனில் அவர்கள் பங்கு குறைவு என்றும் சுட்டிக்காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், கடன் கிடைக்காதவரும் கடனைத் தவிர்ப்பவரும் ஒரேபோலக் காப்பீட்டுக்கு வெளியே நிற்பது தெரியும். காப்பீட்டின் மீதுள்ள ஆட்சேபத்தால் வெளியே நிற்பவரைவிட, கடன் மீதுள்ள ஆட்சேபத்தால் தானாகவே வெளியே போனவர் அதிகமாக இருக்கக்கூடும்.

சட்டத்தின் சுவர்

இந்தியாவில் தகாஃபுல் நிறுவனம் தோன்றாததற்குத் தடைச்சட்டம் எதுவும் காரணமில்லை. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் பொது விதிகளே போதும். முதலாவது, மூலதனம்: காப்பீட்டு நிறுவனம் தொடங்க ரூ.100 கோடி வேண்டும். 2002-இல் கூட்டுறவுச் சங்கங்களும் காப்பீட்டுத் தொழிலுக்கு வரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டபோதும் இந்தத் தொகை குறையவில்லை. உறுப்பினர்கள் ஆயிரம், ஐந்நூறு என்று திரட்டும் பரஸ்பர நிதிக்கு இது எட்டாக்கனி. அடுத்தது, முதலீட்டு விதி. ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் நிதியில் குறைந்தது நான்கில் ஒரு பங்கையும், பொதுக் காப்பீட்டு நிறுவனம் குறைந்தது 20 சதவீதத்தையும் அரசுப் பத்திரங்களில் வைக்க வேண்டும். அரசுப் பத்திரம் வட்டி தரும் கருவி. பாலிசிதாரரின் பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வகுத்த விதிதான் வட்டியைத் தவிர்க்க விரும்புபவருக்குச் சுவராகிறது. யூனிட் லிங்க்டு திட்டங்களில் இந்தப் பிடி தளர்வு என்பதால்தான் பஜாஜ் அலையன்ஸ் லைஃப், வங்கி, மது போன்ற துறைகளைத் தவிர்த்துப் பங்குகளில் மட்டும் முதலிடும் நிதி ஒன்றை அளிக்க முடிந்தது. அது முதலீட்டாளருக்கானது, எரிந்த கடைக்கு உதவாது.

வங்கித் துறையில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு 2008-இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. கேரளத்தில் அரசு நிறுவனம் பங்கேற்ற இஸ்லாமிய நிதி நிறுவனத்தை எதிர்த்த வழக்கை அம்மாநில உயர் நீதிமன்றம் 2011-இல் தள்ளுபடி செய்தது. 2015 டிசம்பரில் ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழு, வழக்கமான வங்கிகளுக்குள்ளேயே வட்டியில்லாச் சாளரம் திறக்கலாம் என்றது. எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பரவலாகச் சம வாய்ப்புடன் கிடைக்கிறது என்று காரணம் கூறி ரிசர்வ் வங்கி 2017-இல் அந்த யோசனையைக் கைவிட்டது.

இருப்பதை வைத்து

தகாஃபுல் இல்லாத நிலையில் புதுச்சேரிச் சிறு வணிகர் முன் உள்ளவை சில. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு ரூ.20-க்கு ரூ.2 லட்சம் விபத்துக் காப்பு தருகிறது. ஜீவன் ஜோதி திட்டம் ரூ.436-க்கு ரூ.2 லட்சம் ஆயுள் காப்பு தருகிறது. 2015-இல் தொடங்கிய இவ்விரண்டிலும் சேமிப்பு அம்சம் கிடையாது. ஆட்சேபம் சேமிப்போடு கூடிய பாலிசியில்தான் கூர்மை என்பதால் இவற்றைப் பலர் மனச்சங்கடம் குறைவாக எடுக்க முடியும். கடைக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தோடு விற்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா இருக்கிறது. ஓரிடத்தில் ரூ.5 கோடி வரையிலான சொத்துக்குரிய பாலிசி இது. தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றோடு கலவரச் சேதமும் இதில் அடக்கம். தொண்ணூறுகளில் அறிஞர்கள் எந்த ஆபத்தைச் சொல்லி அனுமதி கொடுத்தார்களோ அதுவே பாலிசிக்குள் இருக்கிறது. பூட்டை உடைத்து நடக்கும் வெறும் திருட்டுக்குக் கடைக்காரர் பாலிசி தனியாக வேண்டும்.

ஜமாஅத்துகளின் பைத்துல்மால் என்ற பொது நிதி இன்னொரு பக்கம். விதவை உதவி, மருத்துவ உதவி, வட்டியில்லாக் கைமாற்று என்று தமிழ் முஸ்லிம் ஊர்களில் அது செய்யும் பணி பெரியது. ஆனால் அது காப்பீடாகாது. ஜகாத் என்ற கட்டாயக் கொடையை வாங்கத் தகுதியுள்ளவர் யார் என்பதற்கு மார்க்கத்தில் வரையறை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கடையின் முதலாளி நேற்று வரை கொடுக்கிறவராக இருந்தவர். ஒரே இரவில் கைநீட்டுவது அவருக்கு எளிதில்லை. உரிமையாகக் கேட்டு வாங்கும் ஈட்டுக்கும் உதவியாகக் கிடைக்கும் தொகைக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் சிறு வணிகரிடையே தகாஃபுலுக்கு உண்மையான இடம் உண்டு என்று காட்டுகிறது.

அமைப்பில் தகாஃபுலுக்கு மிக அருகில் வருவது, மார்க்கத்தோடு தொடர்பே இல்லாத தமிழ்நாட்டு முயற்சி. மதுரை தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் மகளிர் கூட்டமைப்புகள், உயிரிழப்பு, நோய், மழைக்குறைவு ஆகியவற்றுக்குத் தங்களுக்குள் பரஸ்பர நிதி நடத்துகின்றன. தேனி மாவட்டத்துக் கடமலை களஞ்சியம் வட்டாரச் சங்கம் இதில் முன்னோடி. உறுப்பினர்களே தொகையை நிர்ணயிக்கிறார்கள், உறுப்பினர்களே கிளெய்மை விசாரிக்கிறார்கள், மிச்சம் அவர்களிடமே தங்குகிறது. யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும் என்பதால் பொய்க் கிளெய்மும் குறைவு, அலைச்சலும் குறைவு. புதுச்சேரியில் இப்படிச் செய்ய ஜமாஅத்தைவிட வணிகர் சங்கமே ஏற்ற மேடை. 6 சதவீத மக்களுக்குள் திரட்டும் நிதி சிறுத்துப் போகும். தகாஃபுலில் முஸ்லிம் அல்லாதவர் சேரத் தடையும் இல்லை. மலேசியாவில் அவர்களும் வாங்குகிறார்கள்.

இலங்கை அனுபவம் இதற்குத் துணை. 1999-இல் கொழும்பில் தொடங்கிய அமானா தகாஃபுல், தனித் தகாஃபுல் சட்டம் இல்லாத நாட்டில், பொதுக் காப்பீட்டுச் சட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்று நடக்கிறது. கொழும்புப் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. தனிச் சட்டம் வந்தால்தான் தகாஃபுல் என்ற கருத்து அங்கே பொய்த்தது. மலேசியாவோ சட்டம் இருந்தும் ஏழை எளியோர் வாங்காததைக் கண்டு, 2017-இல் காப்பீடு, தகாஃபுல் நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்து ‘பெர்லிண்டுங்கான் தெனாங்’ என்ற மலிவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது; பிறகு குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு முதலில் 50 ரிங்கிட், அடுத்து 75 ரிங்கிட் வவுச்சர் கொடுத்து வாங்கவைத்தது. முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில், ஏறத்தாழ நாற்பது ஆண்டு தகாஃபுல் வரலாற்றுக்குப் பிறகும், ஏழைகளிடம் விருப்பத்தை வாங்குதலாக மாற்ற அரசு பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் பரஸ்பர நிதிகளுக்குச் சட்ட வழி திறக்க ஒரு திட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. சேவா அமைப்பின் மிராய் சாட்டர்ஜி தலைமையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு, தனித்து இயங்கும் நுண்காப்பீட்டு நிறுவனத்துக்கு மூலதனத் தேவையை ரூ.20 கோடியாகக் குறைக்கவும், கூட்டுறவு, பரஸ்பர அமைப்புகளை அனுமதிக்கவும் 2020-இல் பரிந்துரைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய காப்பீட்டுச் சட்டத் திருத்தம் அந்நிய முதலீட்டு வரம்பை 100 சதவீதமாக உயர்த்தியது; காப்பீட்டு நிறுவனங்களுக்கான ரூ.100 கோடி நிபந்தனையைத் தொடவில்லை. அது குறைக்கப்பட்டாலும் அரசுப் பத்திர விதி அப்படியே இருக்கும். இவை மாறும்வரை புதுச்சேரி வணிகர் சங்கம் செய்யக்கூடியது, தீ, விபத்து, நோய் போன்ற சிறு இழப்புகளுக்குத் தனக்குள் உதவி நிதி வைத்துக்கொண்டு, புயலுக்கும் வெள்ளத்துக்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் உறுப்பினர்கள் எல்லோருக்குமாகப் பேரம் பேசி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே பாலிசிகளை எடுத்துத் தருவது.